சந்தடியற்ற பாதைகள்: ஊவா மலைநாட்டின் தெரு வரலாறு

பதுளை நகரிலிருந்து நமுனுகுலை மலைச்சரிவை நோக்கி ஏறும் தெருக்களுள் ஒன்று ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்குச் செல்கிறது. ஆங்கிலத்தில் அப்பெயருக்கு ஊற்றுப் பள்ளத்தாக்கு என்பது பொருள். பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தோட்டத் தமிழ் மக்களின் நாவில் ‘வெளி’ என்று திரிந்து, தமிழ்ச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. பெயரை இவ்வாறு தமதாக்கிக் கொண்ட மக்களே அந்த ஊருக்குச் செல்லும் பாதைகளையும் வெட்டியவர்கள். பெயரில் அவர்களுடைய நாவின் தடம் இருப்பது போலப் பாதையில் அவர்களுடைய கையின் தடம் இருக்கிறது. ஆயினும், பாதையைக் காண்போர் அத்தடத்தை எளிதிற் கண்டுகொள்வதில்லை.

பெருந்தெருவை விட்டு விலகித் தேயிலை மலைகளுக்குள் நுழைந்தவுடன் மோட்டார் வண்டிகளின் ஓசை அடங்கிவிடுகிறது. மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிச் செல்லும் ஒடுங்கிய பாதை. ஒருபுறம் கல் அடுக்கிக் கட்டிய அணை. மறுபுறம் பள்ளத்தில் ஓடும் ஓடையின் சலசலப்பு. கால்நடையாகச் செல்வோர்க்கும் துவிச்சக்கர வண்டியிற் செல்வோர்க்கும் இதனினும் இனிய பாதை கிடைப்பது அரிது. இத்தகைய பாதைகள் எவ்வாறு தோன்றின? வாகனச் சந்தடி இவற்றை ஏன் எட்டவில்லை? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவோர் ஊவா மாகாணத்தின் இருநூறு ஆண்டு வரலாற்றையே புரட்டிப் பார்க்க வேண்டியவராகின்றனர்.

சந்தடியற்ற பாதைகளுக்கு இன்று உலகில் பெயர்பெற்ற நாடு பிரான்சு. அந்நாட்டின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் மோட்டார் வண்டிகளின் தொல்லையின்றிச் சைக்கிளில் நாட்கணக்காகச் செல்லலாம். லுவார் ஆற்றை ஒட்டிய சைக்கிள் வழி ஏறக்குறைய 900 கிலோமீற்றர் நீளமுடையது. அந்நாட்டின் தென்பகுதியில் 1666-ஆம் ஆண்டு தொடக்கம் 1681-ஆம் ஆண்டு வரையில் வெட்டப்பட்ட மிடி கால்வாயின் கரையில், அன்று படகுகளைக் கயிறு கட்டி இழுத்துச் சென்ற குதிரைகளுக்காகப் பாதை அமைத்தனர். படகுப் போக்குவரத்து மறைந்த பின்னர் அந்தப் பாதையிற் பெரும்பகுதி நடப்போர்க்கும் சைக்கிளோட்டிகளுக்கும் உரியதாயிற்று. குரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் குளுனி நகருக்குச் சென்ற புகையிரதப் பாதை கைவிடப்பட்டபோது, தண்டவாளங்களை அகற்றி, அந்தத் தடத்தை 1997-ஆம் ஆண்டில் ‘பசுமை வழி’ என்னும் பெயருடன் மக்களுக்குத் திறந்துவிட்டனர். 2004-ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தெருச் சட்டமே இத்தகைய வழிகளைத் தனிவகையாக ஏற்று, மோட்டார் வாகனங்களை விலக்கியது.

இவ்வரலாற்றில் இரண்டு படிகள் உண்டு. ஒரு தொழிலுக்காக மனிதர் உழைத்து ஒரு தடத்தை அமைத்தனர். அது முதற் படி. அந்தத் தொழில் வேறு வழி சென்றபோது தடம் ஓய்ந்தது. ஓய்ந்த தடத்தை அரசு பொதுமக்களின் உடைமையாக்கியது. அது இரண்டாவது படி. ஊவா மலைநாட்டில் முதற் படி முழுமையாக நடந்தேறியது. இரண்டாவது படியே இன்னும் கேள்வியாக நிற்கிறது.

ஆங்கிலேயர் வருமுன்னர் ஊவாவில் வண்டித் தெருக்கள் இல்லை. கால்நடைப் பாதைகளே இருந்தன. ஹாலிஎலைக்கு அணித்தாயுள்ள போகொடை என்னுமிடத்தில், ஓட்டுக் கூரை வேய்ந்த மரப்பாலம் ஒன்று இன்றும் உள்ளது. 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படும் அந்தப் பாலம் பதுளையையும் கண்டியையும் இணைத்த பழைய வழியில் அமைந்தது. வழிப்போக்கன் மழைக்கு ஒதுங்கி இளைப்பாறக் கூரையும், அமர்ந்து பேசத் திண்ணை போன்ற ஓரங்களும் அமைத்த அந்நாளைய தச்சரின் உள்ளத்தில் இருந்தவன் நடந்து செல்லும் மனிதனே.

1815-ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817-ஆம் ஆண்டில் ஊவாவில் பெருங்கிளர்ச்சி மூண்டது. அந்நியப் படை அறியாத காட்டுப் பாதைகளே கிளர்ச்சிக்காரருக்கு அரணாயின. கிளர்ச்சியின் தலைவனாக விளங்கிய கெப்பெட்டிப்பொலை திசாவை 1818-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கண்டியிற் சிரச்சேதம் செய்யப்பட்டான். வயல்களும் குளங்களும் அழிக்கப்பட்ட ஊவா மீண்டும் தலைதூக்க நெடுங்காலம் சென்றது. கிளர்ச்சி மூண்ட அதே 1817-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் திரைஸ் என்பவர் இரண்டு சக்கரங்களை ஒரு மரச் சட்டத்தில் முன்பின்னாகப் பூட்டி, நிலத்தைக் காலால் உந்தி ஓட்டிக் காட்டினார். துவிச்சக்கர வண்டியின் வரலாறு தொடங்கியது அன்றே. ஆனால் அந்த வண்டி ஓடுவதற்குச் சமனான தெரு வேண்டும். ஊவாவிலோ தெரு என்பதே இனித்தான் பிறக்க வேண்டியிருந்தது.

மலைநாட்டை ஆள்வதற்குத் தெரு இன்றியமையாதது என்பதை அக்கிளர்ச்சி ஆங்கிலேயருக்கு உணர்த்தியது. 1820-களில் தேசாதிபதி சேர் எட்வேட் பான்ஸ் தெரு வேலையை முடுக்கிவிட்டார். அவரிடம் இளம் அதிகாரியாகப் பணி தொடங்கிய தோமஸ் ஸ்கின்னர் 1867-ஆம் ஆண்டு வரை இத்தீவின் தெருக்களையும் பாலங்களையும் அமைப்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார். பதுளைப் பகுதியில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் றொஜர்ஸ் தெருக்களைத் திறப்பதில் பேரூக்கம் காட்டியவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. 1845-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட புனித மாற்கு ஆலயம் பதுளையில் இன்றும் நிற்கிறது.

ஸ்கின்னரின் பெயர் நூல்களில் உள்ளது. றொஜர்ஸின் பெயர் கல்லில் உள்ளது. கல்லைப் பிளந்தவர், மண்ணைச் சுமந்தவர், ஓடைக்கு மதகு கட்டியவர் ஆகியோரின் பெயர்கள் எங்கும் இல்லை. அவர்களுட் பெருந்தொகையினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். பாக்குநீரிணையைத் தோணியிற் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காடுகளின் ஊடாக மாத்தளை வரையில் நூற்றைம்பது மைலளவு நடந்து வந்தவர்கள் அவர்கள். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் வழிநெடுகிலும் அவர்களைப் பலிகொண்டன. ஊவாவுக்கு விதிக்கப்பட்டவர்களுக்கோ மாத்தளை பயணத்தின் முடிவன்று. கண்டிச் சீமையைக் கடந்து மேலும் பல நாள் மலையேற வேண்டியிருந்தது. தலைமன்னாருக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது 1914-ஆம் ஆண்டிலேயே. அதற்கு முன் வந்தோர் தெருவை அமைப்பதற்குத் தெருவின்றி நடந்து வந்தோர் ஆவர்.

அந்நாளில் மலைகளை மூடியிருந்த பயிர் கோப்பி. ஊவாவின் கோப்பி நன்மணம் வாய்ந்ததெனப் புகழ்பெற்றிருந்தபோதிலும் துறைமுகம் வெகுதூரத்தில் இருந்தது. மாட்டு வண்டிகள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பள்ளமும் மேடுமான தெருக்களில் வாரக்கணக்காகச் சென்றன. ஒரு பகுதிக் கோப்பி அல்துமுல்லை வழியாக இரத்தினபுரிக்கு இறங்கி, அங்கிருந்து களுகங்கையிற் படகேறிக் களுத்துறையை அடைந்தது. பிரான்சு நாட்டில் நிகழ்ந்தது போலவே இங்கும் ஆறும் தெருவும் தோள் கொடுத்து நின்ற காலம் அது.

தோட்டத்துக்குள் பாதை அமைப்பது தனிக் கலை. காட்டை வெட்டி எரித்தபின், கன்று நடுவதற்கு முன்னரே பாதைகளைக் குறித்துக்கொள்வது வழக்கம். மட்டம் பார்க்கும் கருவியைக் கொண்டு மலையின் வளைவுகளை ஒட்டி முளைகள் அறைந்து, குதிரையும் சுமைகாரனும் மூச்சு வாங்காமல் ஏறுமளவுக்குச் சாய்வைக் குறைத்துக்கொண்டே சென்றனர். இருபது அடிக்கு ஓரடி உயரும் பாதையில் ஒரு மைல் சென்றால் 264 அடி ஏறிவிடலாம். மழை நீர் பாதையை அரித்துவிடாதபடி மேற்புறம் கான் வெட்டி, கீழ்ப்புறம் கல் அடுக்கினர். இவ்வளவும் மண்வெட்டியாலும் அலவாங்காலும் செய்யப்பட்டவை. இன்று சைக்கிளில் அவ்வழியே செல்லும் ஒருவன் பெருமூச்சின்றி ஒரு வளைவைத் திரும்புகிறான் என்றால், அந்த இலகு அன்றைய தொழிலாளி மலைக்கு வெட்டிக் கொடுத்த சாய்வினால் வந்தது.

1869-ஆம் ஆண்டில் கோப்பி இலையில் செம்மஞ்சள் நிறமான நோயொன்று கண்டுபிடிக்கப்பட்டது. அது முதன்முதலிற் காணப்பட்ட இடம் ஊவாவைச் சேர்ந்த மடுல்சீமை. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தொழில் சரிந்து வீழ்ந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இந்த மாற்றம் பாதைகளையும் மாற்றியது. கோப்பிப் பழத்தை ஆண்டில் ஒரு பருவத்திற் பறித்தாற் போதும். தேயிலைக் கொழுந்தையோ ஆண்டு முழுவதும் பறித்து, அன்றன்றே ஆலைக்கு அனுப்ப வேண்டும். ஆகவே ஒவ்வொரு மலையிலிருந்தும் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும், அங்கிருந்து ஆலைக்கும் பாதைகள் வலைபோற் பின்னப்பட்டன. ஆலைக்கு இயந்திரங்களை ஏற்றி வருவதற்கு வலிய வண்டித் தெருக்கள் தேவைப்பட்டன. இன்று மலைச்சரிவுகளில் காணப்படும் பாதைகளிற் பெரும்பாலானவை இவ்வாறு கொழுந்துக் கூடையின் போக்கை அனுசரித்து அமைந்தவையே.

1886-ஆம் ஆண்டில் ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே புகையிரதம் நானுஓயாவை எட்டியிருந்தது. 1893-இல் அப்புத்தளையையும், 1894-இல் பண்டாரவளையையும் அது அடைந்தது. அதன் பின்னர் முப்பது ஆண்டு காலம் அங்கேயே நின்றுவிட்டது. பதுளைப் பகுதித் தோட்டங்களின் தேயிலையும் அரிசியும் அம்முப்பது ஆண்டுகளும் பண்டாரவளைத் தெருவில் வண்டி மாடுகளின் கழுத்தின்மேல் ஏறியே சென்றன. தெமோதரைக்கு அருகே ஒன்பது வளைவுகளைக் கொண்ட கற்பாலம் 1921-இல் கட்டி முடிக்கப்பட்டது. 1924-ஆம் ஆண்டில் முதற் புகையிரதம் பதுளையைச் சேர்ந்தது.

அந்தப் பாதை நாற்பத்துநான்கு அடிக்கு ஓரடிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது பொறியியலாளர் வகுத்த எல்லை. தெமோதரையில் மலை அதனினும் செங்குத்தாக இறங்கியது. ஆகவே தண்டவாளம் மலையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றித் தான் புறப்பட்ட நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழியாகப் புகுந்து செல்கிறது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டியதைக் கண்டே பொறியியலாளர் விமலசுரேந்திராவுக்கு இந்த யோசனை பிறந்தது என்று ஒரு கதை அப்பகுதியில் வழங்கி வருகிறது. கதை மெய்யோ புனைவோ, தொழிலாளர் வாழ்வின் சாயலை மலைப்பாதையிற் கண்டுகொள்ளும் மக்களின் ஆவலை அது புலப்படுத்துகிறது.

புகையிரதமும் அதனையடுத்து மோட்டார் லொறியும் வந்தபின், பழைய வண்டித் தடங்களிற் பல ஓய்ந்தன. பெருந்தெருக்கள் அகன்றன. தோட்டத்துக்குள் செல்லும் ஒடுங்கிய பாதைகளோ பழையபடியே இருந்தன. சந்தடி அவற்றை எட்டாமைக்கு இதுவே முதற் காரணம்.

இதற்கிடையில் துவிச்சக்கர வண்டியும் வளர்ந்து வந்தது. 1860-களில் பாரிஸ் நகரில் முன்சக்கரத்தில் மிதிகள் பூட்டப்பட்டன. 1885-இல் இங்கிலாந்தில் இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒத்த அளவாய், சங்கிலியால் இயங்கும் வண்டி தோன்றியது. 1888-இல் டன்லொப் என்பவர் காற்றடைத்த றப்பர் டயரை அமைத்தார். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1876-இல், ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு றப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்திருந்தன. உலகத்துச் சைக்கிளுக்கு டயர் கொடுத்த நாடுகளுள் இலங்கையும் ஒன்றாயிற்று.

எனினும், மலைநாட்டிற் சைக்கிள் நெடுங்காலம் அரைப் பயனே தந்தது. ஒரே பல்லிணைப்புடைய வண்டியை ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இறக்கத்திலோ தடையை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த இடரைத் தீர்க்க முனைந்தவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டின் சென்ட் எத்தியென் நகரைச் சேர்ந்த போல் த விவி. மலை நாட்டில் வாழ்ந்த அவர், சாய்வுக்கேற்பப் பல்லிணைப்பை மாற்றிக்கொள்ளும் முறைக்காக 1930-இல் மறையும் வரையில் வாதாடினார். பிரான்சின் புகழ்பெற்ற சைக்கிள் ஓட்டப் போட்டியிலேகூட அந்தக் கருவிக்கு 1937-ஆம் ஆண்டிலேதான் இடம் கிடைத்தது. இன்று ஊவா மலைகளிற் சைக்கிளில் ஏறுவது சாதாரண உடல்வலிமை படைத்தோர்க்கும் இயலுவது அக்கருவியின் பயனே.

ஆனால் ஏற்றத்தை வென்றுவிட்டால் மட்டும் பாதை ஒருவனுக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. தோட்டத்துப் பாதை தனியார் பாதை. துரையின் குதிரைக்கும், பிற்காலத்தில் அவருடைய மோட்டார் வண்டிக்கும் அது திறந்திருந்தது. தொழிலாளி அதன்மேற் கொழுந்துக் கூடையுடன் நடந்தான். அவனைக் காண வரும் தொழிற்சங்கத்தாரோ அத்துமீறியவராக எண்ணப்பட்டனர். 1940-ஆம் ஆண்டில் பதுளையை அடுத்த வெவெஸ்ஸைத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்றது. தங்கள் வாழ்வைப் பற்றிக் கூடிப் பேசும் உரிமையை நாட்டிய போராட்டங்களுள் அதுவும் ஒன்று.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். தகரப் பெட்டியும் பாய்ச்சுருளுமாக அவர்கள் மலையிலிருந்து இறங்கிய பாதை, பாட்டன் வெட்டிய பாதை. ஏறிய புகையிரதம், பாட்டியின் உழைப்பால் விளைந்த தேயிலையைச் சுமந்து வளர்ந்த புகையிரதம். மலைப்பாதைகளின் அமைதிக்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மறத்தலாகாது. பாதையில் நடமாடிய மனிதர் குறைந்தால் பாதையில் ஒலியும் குறையும்.

1972-ஆம் ஆண்டிலும் 1975-ஆம் ஆண்டிலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கியது. பாதைகளின் நிலை இவ்வளவு தெளிவாகத் தீர்ந்துவிடவில்லை. தோட்டத்துத் தெருவைச் செப்பனிடும் பொறுப்பு கம்பெனியைச் சேர்ந்ததா, பிரதேச சபையைச் சேர்ந்ததா என்னும் கேள்வி எழும்போதெல்லாம், கேள்விக்கு விடை கிடைக்குமுன் மழைக்காலம் வந்துவிடுகிறது. கான்கள் தூர்கின்றன, அணைக்கற்கள் சரிகின்றன, நூறாண்டு நின்ற சாய்வை ஒரே வெள்ளம் அரித்துவிடுகிறது.

இங்கேதான் சந்தடியின்மை இரு முகம் காட்டுகிறது. விடுமுறை நாளிற் சைக்கிளில் வருபவனுக்கு வண்டியற்ற பாதை இன்பம். நள்ளிரவில் பிரசவ வேதனை கண்ட பெண்ணைப் பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டிய லயத்து மக்களுக்கு அதே பாதை அச்சம். பிரான்சு நாட்டின் ஆற்றோரத்தில் சைக்கிள் வழிக்குச் சற்றுத் தொலைவிலேயே நல்ல மோட்டார்த் தெருவும் செல்கிறது. அங்குள்ளோர் அமைதியைத் தேர்ந்தெடுத்தனர். தோட்டத்து மக்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கிட்டவில்லை. அமைதி அவர்கள்மேல் வந்து கவிந்தது.

அண்மைக் காலத்தில் இப்பாதைகளின்மேல் உலகத்தின் கண் விழுந்திருக்கிறது. கண்டியை அடுத்த ஹந்தானையிலிருந்து மலைநாட்டைச் சுற்றி நுவரெலியா வரையில், 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளமும் இருபத்திரண்டு கட்டங்களும் கொண்ட ‘பீக்கோ டிரெயில்’ என்னும் நடைவழி வகுக்கப்பட்டுள்ளது. அப்புத்தளை, எல்ல, தெமோதரை, ஹாலிஎல ஆகிய ஊவாப் பகுதிகளின் ஊடாகவும் அது செல்கிறது. அவ்வழிக்காகப் புதிதாக மலையை வெட்ட வேண்டிய தேவை பெரிதும் ஏற்படவில்லை; கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் வெட்டிய பாதைகளே போதுமானவையாயிருந்தன. நடப்பவர்களுக்கென அமைந்த அவ்வழியின் சில பகுதிகள் சைக்கிளுக்கும் ஏற்றவை. 2022-ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாடு நாட்டை வாட்டியபோது, இலங்கை மக்கள் பலர் சைக்கிளை மீண்டும் நாடினர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

பிரயாணிகள் வருவது நன்று. அவர்களால் வழியோரத்து மக்களுக்கு ஊதியம் பெருகுமாயின் அது மேலும் நன்று. ஆனால் இப்பாதைகளின் வரலாறு துரைமாரின் பங்களாவோடும் குதிரையோடும் மட்டும் சொல்லப்படுமாயின், வரலாற்றிற் பாதி மறைக்கப்பட்டதாகும். மன்னாரிலிருந்து நடந்து வந்தவன், முளை அறைந்தவன், கான் வெட்டியவன், கூடை சுமந்து அதே பாதையை ஒரு நாளைக்குப் பலமுறை அளந்தவள் ஆகியோரே மற்றப் பாதி. பிரான்சு நாட்டவர் தங்கள் பழைய தடங்களைப் பொதுவுடைமையாக்கிய பின்னரே அவற்றின் அழகைப் பறைசாற்றினர் என்பது இங்கே சிந்திக்கத்தக்கது.

பதுளு ஓயா ஊவா மலைகளின் ஊற்றுகளைத் திரட்டிக்கொண்டு, துன்ஹிந்தையில் 210 அடி வீழ்ந்து மகாவலியைச் சேர்கிறது. அந்த ஊற்றுகளுக்கு மேலே, மலையைச் சுற்றிச் செல்லும் பாதைகளின் ஓரத்தில், மழைக்கு முன் கானைத் தூர்வாரும் தொழிலாளியை இன்றும் காணலாம். அவன் குழந்தைகள் பள்ளிக்கூடம் செல்வதும், அவன் வீட்டு நோயாளி வைத்தியசாலை செல்வதும் அந்தப் பாதையிலேதான். முதலில் அவர்களுக்குப் பாதுகாப்பான வழியாகவும், அதன்பின் விருந்தினருக்கு இனிய வழியாகவும் அது அமையுமானால், ஸ்பிரிங்வெளியின் மலைப்பாதைகள் உலகின் எந்த ஆற்றுப் பள்ளத்தாக்குப் பாதைக்கும் குறைந்தவையல்ல.